செங்கடல் வழிச் சென்ற மிளகு

1504ஆம் ஆண்டில் வெனிசு நகரத்து வாணிகக் கப்பல்கள் வழக்கம்போல எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாத் துறைக்கும் சிரியா நாட்டின் பெய்ரூத் துறைக்கும் சென்றன. போகும்போது செம்பும் வெள்ளியும் கம்பளியும் கொண்டு சென்று, மீளும்போது மிளகும் இஞ்சியும் கறுவாவும் கராம்பும் ஏற்றி வருதல் அக்கப்பல்களின் நெடுங்கால வழக்கம். அவ்வாண்டிலே அவற்றிற்கு ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1498இல், வாஸ்கோ ட காமா என்னும் போர்த்துக்கேயத் தலைவன் ஆபிரிக்காவைச் சுற்றிவந்து கள்ளிக்கோட்டைக்கு அண்மையில் நங்கூரமிட்டதன் பொருளை மத்தியதரைக் கடல் வணிகர் அன்றுதான் முழுமையாக உணர்ந்தனர்.

இந்த அடி வெனிசுக்கு மட்டும் விழுந்ததன்று. மிளகு என்பது மலையாள நாட்டுக் கொடியிற் காய்த்து, பல கைகள் மாறி, ஐரோப்பியனுடைய உணவுத்தட்டை அடைந்த பண்டம். கள்ளிக்கோட்டையில் ஏறிய மூட்டை பருவக்காற்றின் துணையால் அரபிக்கடலைக் கடந்து ஏடனையோ ஜித்தாவையோ அடையும். அங்கிருந்து செங்கடலின் வடகோடிக்குச் சென்று, ஒட்டகத்தின் முதுகில் கெய்ரோ புகுந்து, நைல் நதி வழியே அலெக்சாந்திரியாவை எட்டும். ஏற்றுமிடத்தில் சாமூதிரி மன்னருக்குத் தீர்வை. ஜித்தாவில் எகிப்தியச் சுல்தானுக்குத் தீர்வை. இவ்வாணிகம் முழுவதையும் ஓடச்செய்த நாணயம் போன்றது குஜராத்து நெசவாளரின் பருத்தித் துணி. கீழ்த்திசைத் தீவுகளில் கராம்பும் சாதிக்காயும் விளைவித்தோர் பொன்னைக் காட்டிலும் அத்துணியையே விரும்பிப் பெற்றனர். ஆகவே குஜராத்து வணிகன் ஏடனிலும் இருந்தான், மலாக்காவிலும் இருந்தான். பல அரசர்கள் தத்தம் துறைமுகங்களை ஆண்டனர். கடலை ஆண்டவர் எவருமிலர்.

கடலுக்கும் உடைமையாளர் உண்டு என்ற புதுமையைப் புகுத்தியவர் போர்த்துக்கேயர். தம்மிடம் விலை கொடுத்துப் பெற்ற கடவுச்சீட்டின்றி எந்தக் கப்பலும் ஓடலாகாது என்றனர். சீட்டில்லாக் கப்பல் கொள்ளைக்கு உரியது. சீட்டுள்ள கப்பலும் தங்கள் கோட்டையுள்ள துறையிலே தீர்வை செலுத்திச் செல்லவேண்டும். மிளகு முதலியவற்றை ஏற்றவே கூடாது. அச்சீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் கர்த்தாசு. ஈழத்துத் தமிழர் எழுதுதாளுக்கு வழங்கும் ‘கடதாசி’ என்னும் சொல்லும் அதனோடு உறவுடையது என்பர். அன்று கடலோடிகளுக்கு அத்தாள் உயிரின் விலை. 1502இல் மக்கத்து யாத்திரிகர் ஏறிவந்த கப்பலொன்றை வாஸ்கோ ட காமா மக்களோடு எரியூட்டிய செய்தி அரபிக்கடலின் இரு கரைகளிலும் பரவியிருந்தது.

இந்நிலையில், பாதிக்கப்பட்டோர் அனைவரும் கூடிப் பகைவனை வெளியேற்றுதல் இயல்பான வழியென்றே தோன்றும். அம்முயற்சி நடைபெறவும் செய்தது. சாமூதிரி கெய்ரோவின் உதவியை நாடினார். வெனிசு அரசு 1503இலும் 1504இலும் கெய்ரோவுக்குத் தூதரை விடுத்து, போர்த்துக்கேயரைத் தடுக்குமாறு சுல்தான் கான்சூ அல் கௌரியைத் தூண்டியது. கிறித்தவ நகரமொன்று இசுலாமியச் சுல்தானிடம், மற்றொரு கிறித்தவ அரசுக்கு எதிராக முறையிட்டது. மிளகின் காரம் அத்தகையது. எகிப்திலே கப்பல் கட்டும் மரம் கிடையாது. மரத்தைத் தொலைவிலிருந்து வருவித்துச் சூயசிற் கப்பல்களைக் கட்டி, 1505இல் அமீர் உசேன் என்னும் தளபதியின் தலைமையில் சுல்தான் அனுப்பிவைத்தார். குஜராத்துச் சுல்தான் மகமூது பெகடாவின் ஆட்சிக்குட்பட்ட டையூத் துறைமுகம் அப்படைக்குத் தங்குமிடமாயிற்று. 1508இல் சௌல் என்னுமிடத்தில் இக்கூட்டணி முதல் வெற்றியையும் பெற்றது. அப்போரில் இறந்தவன் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் மகனாகிய லொரென்சோ த அல்மெயிதா. 1505இல் இலங்கைக் கரையிலே முதன்முதல் வந்திறங்கிய பறங்கித் தலைவன் இவனே என்பதை நேயர்கள் பாடசாலைப் பருவத்திலேயே கற்றிருப்பர்.

மைந்தனை இழந்த பிரான்சிஸ்கோ த அல்மெயிதா மறு ஆண்டு பழிவாங்க வந்தான். 1509ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் டையூத் துறைமுகத்தின் வாயிலில் நடந்த போர் ஒரே நாளில் முடிந்தது. எகிப்தியக் கடற்படை அழிந்தது. கள்ளிக்கோட்டைப் படகுகள் சிதறின. அமீர் உசேன் தப்பியோடினான். போர்த்துக்கேயரின் கனத்த பீரங்கிகளே இவ்வெற்றிக்குக் காரணம் என்று கூறுவதுண்டு. அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. டையூவின் ஆளுநன் மாலிக் அயாசு அன்று நடந்துகொண்ட முறையையும் பார்த்தல் வேண்டும்.

மாலிக் அயாசு அடிமையாக வந்து தன் ஆற்றலால் உயர்ந்தவன். பாழ்மணல் போலக் கிடந்த டையூவை அரண்செய்து செல்வம் கொழிக்கும் துறைமுகமாக்கியவன் அவனே. சௌல் போரில் எகிப்தியருக்கு உதவியாகச் சென்றவனும் அவனே. ஆயின் அப்போரிற் சிறைப்பட்ட போர்த்துக்கேயரை அவன் கொல்லவில்லை, வருத்தவுமில்லை. நல்லுணவும் உடையும் அளித்துப் பாதுகாத்து வைத்திருந்தான். மகனை இழந்த தந்தைக்கு அம்மகனின் வீரத்தைப் பாராட்டிக் கடிதமும் எழுதினான். டையூப் போரிலோ பட்டும் படாமலும் நின்று, தோல்வி உறுதியான பின், சிறையிருந்தவர்களை அல்மெயிதாவிடம் ஒப்படைத்துச் சமாதானம் பேசினான். அவனுடைய துறைமுகம் தப்பியது. நட்பு நாட்டார் கடலில் மூழ்கினர்.

இவனைத் துரோகி என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. அவனுடைய நிலையில் நின்று பார்த்தால் வேறொன்று புலப்படும். எகிப்தியர் வென்றிருப்பின் அவர்களது கடற்படை டையூவை விட்டு நீங்கியிருக்குமா? தன் வீட்டு வாயிலில் ஒரு பீரங்கிப் படையை அகற்றி மற்றொரு பீரங்கிப் படையை நிறுத்திக்கொள்வதில் அவனுக்கென்ன ஊதியம்? அன்றியும் குஜராத்துச் சுல்தான்களின் வருவாயிற் பெரும்பங்கு நிலத்திலிருந்தே வந்தது; கடலில் நடப்பதை அவர்கள் வணிகரின் வழக்காகவே கருதினர். சாமூதிரிக்கோ கடல் வாணிகமே உயிர். சுல்தான் கௌரிக்குச் செங்கடல் தீர்வை பெரிது. ஆயினும் வடக்கே துருக்கியரின் அச்சம் அதனினும் பெரிது. வெனிசோ அதே 1509இல் இத்தாலியப் போரிற் சிக்கித் தன் நிலத்தைக் காப்பதற்கே அல்லற்பட்டது. ஒரே பகைவனைக் கொண்ட இவர்களுக்கு ஒரே நலன் இருக்கவில்லை.

சாமூதிரியின் வீட்டு வாயிலிலேயே இக்குறை இருந்தது. கொச்சி மன்னர் சாமூதிரிக்கு அடங்கி வாழ்ந்தவர். தம் துறையில் மிளகு விற்பதற்கும் மேலாண்மை அரசின் மனமறிந்து நடக்கவேண்டிய நிலை அவருக்கு. போர்த்துக்கேயர் வந்தபோது அவர் கண்டது அந்நிய ஆதிக்கத்தையன்று, சாமூதிரியிடமிருந்து விடுதலையை. 1503இற் கொச்சியிலே போர்த்துக்கேயக் கோட்டை எழுந்தது இவ்வாறே. பின்னர் முத்துக்குளிக்கும் கரையிலும் இதுவே நிகழ்ந்தது. அயலவரின் போட்டியால் நலிந்த பரதவ குலத்தார் 1536ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயரின் காவலைத் தேடி ஆயிரக்கணக்கில் மதம் மாறினர். அயலானுக்கு அஞ்சி வாழ்ந்தவன் தொலைவிலிருந்து வந்தவனை நம்பினான்.

டையூவின் பின் நிகழ்ச்சிகள் விரைந்தன. கோவா 1510இலும், மலாக்கா 1511இலும், ஓர்மஸ் 1515இலும் போர்த்துக்கேயர் வசமாயின. சாமூதிரியும் 1513இல் அவர்களோடு உடன்படிக்கை செய்து, கள்ளிக்கோட்டையிலேயே கோட்டை கட்ட இடங்கொடுத்தார். 1518இற் கொழும்பிலும் கோட்டை எழுந்தது. எகிப்தை 1517இல் ஒட்டோமன் துருக்கியர் கைப்பற்றினர். செங்கடலின் காவலராகிய அவர்கள் 1538இற் பெரும் கடற்படையோடு டையூவை முற்றுகையிட வந்தனர். 1535இல் முகலாயர் படையெடுப்புக்கு அஞ்சி அங்கே கோட்டை கட்ட இசைந்த குஜராத்துச் சுல்தான் பகதூர்ஷா, 1537இல் அப்போர்த்துக்கேயராலேயே கடலிற் கொல்லப்பட்டிருந்தார். ஆதலால் இம்முறை குஜராத்து மனமுவந்து துணைநிற்கும் என்று எதிர்பார்த்தல் இயல்பு. ஆயின் துருக்கியத் தளபதி சுலைமான் பாஷா வரும் வழியில் ஏடன் நகரத்து அரசனை விருந்தினனாய் அழைத்துத் தூக்கிலிட்ட செய்தி அவனுக்கு முன்னரே குஜராத்தை எட்டிவிட்டது. உணவும் படையும் தருவதற்கு இசைந்திருந்தோர் கையைச் சுருக்கிக்கொண்டனர். முற்றுகை கலைந்தது.

அதே 1538ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு மிக அண்மையில் மற்றொரு போர் நிகழ்ந்தது. கோட்டை இராச்சியத்தின் புவனேகபாகு மன்னன் போர்த்துக்கேயரைச் சார்ந்து நிற்க, அவன் தம்பியாகிய சீதாவாக்கை மாயாதுன்னை சாமூதிரியின் உதவியைக் கோரினான். சாமூதிரிக்கு இதில் இரக்கம் மட்டுமே காரணமன்று. கறுவாவும் பாக்கும் யானையும் தரும் நாட்டிலே பகைவன் வேரூன்றின், சோழமண்டலக் கரைக்குச் செல்லும் மரைக்காயர் கப்பல்களின் வழி அடைபடும். அனுப்பப்பட்ட பெருங்கடற்படை இராமநாதபுரக் கரையில் வேதாளை என்னுமூரின் அருகே கரையேறி நின்றபோது, மார்த்தீம் அபொன்சோ த சூசா என்பவன் பாய்ந்து அதனை அழித்தான். மறு ஆண்டு வந்த சிறு படையும் தோற்றது. அப்பொழுது போர்த்துக்கேயர் மாயாதுன்னைக்கு விதித்த நிபந்தனை கொடியது. தனக்கு உதவ வந்த மரைக்காயர் தலைவர்களின் தலைகளை அனுப்பினாலே சமாதானம் என்றனர். அவன் அனுப்பினான் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கின்றனர். பிற்காலத்தில் பறங்கியரைக் கொழும்புக் கோட்டைக்குள்ளே அடைத்து வைத்த வீரனுடைய வாழ்வில் இது அழியாத கறை. அத்தலைகளை ஏற்றிச் சென்ற ஆண்டிலிருந்து கள்ளிக்கோட்டைக்கும் சீதாவாக்கைக்கும் இடையே பழைய நம்பிக்கை எங்ஙனம் நிலைக்கும்?

இத்துணைத் தோல்விகளையும் அடுக்கிப் பார்ப்போர், பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலே மிளகு முழுவதும் லிஸ்பன் நகருக்கே சென்றிருக்கும் என்று எண்ணக்கூடும். நெடுங்காலம் வரலாற்று நூல்களும் அவ்வாறே கூறிவந்தன. கணக்கேடுகள் வேறு கதை சொல்லுகின்றன. 1560இல் உரோமாபுரியிலிருந்த போர்த்துக்கேயத் தூதரே, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40,000 குவின்டால் வாசனைப் பண்டம், பெரும்பாலும் மிளகு, அலெக்சாந்திரியாவில் வந்திறங்குவதாகத் தம் அரசனுக்கு அறிவித்தார். வெனிசுக் கப்பல்கள் மீண்டும் நிறைசுமையோடு திரும்பின. அமெரிக்க வரலாற்றறிஞர் பிரடெரிக் லேன் வெனிசு ஆவணங்களை ஆராய்ந்து இவ்வுண்மையை 1940இல் நிலைநாட்டினார். கடற்போரில் வெல்லாதவர் வாணிகத்தில் வென்றது எவ்வாறு?

விடையின் ஒரு பகுதி கொச்சித் தராசிலே இருக்கின்றது. 1503இல் அங்கு முடிவுசெய்த மிளகு விலையையே போர்த்துக்கேயர் பல்லாண்டு மாற்றாமல் வைத்திருந்தனர். மற்றப் பண்டங்களின் விலை ஏறியது. மிளகு விலைமட்டும் ஏறவில்லை. விளைவித்தவன் என்ன செய்வான்? ஈரமான மிளகையும் மண் கலந்த மிளகையும் கொச்சிக்கு அனுப்பிவிட்டு, நல்ல மிளகை எருதுகளின் முதுகில் மலைத்தொடருக்கு அப்பால் அனுப்பினான். இரவிற் சிறு படகுகளில் ஏற்றினான். கோட்டைத் தலைவர்களும் தங்கள் அரசனை ஏமாற்றித் தாமே வாணிகம் செய்தமையால் பல கண்கள் வேண்டுமென்றே மூடிக்கொண்டன.

விடையின் பெரும்பகுதி சுமாத்திராத் தீவின் வடமுனையில் உள்ளது. 1511இல் மலாக்கா வீழ்ந்தபோது அங்கிருந்த குஜராத்து வணிகர் வேறிடம் தேடினர். அச்சே என்னும் சிறு துறை அவர்களை வரவேற்றது. அதன் சுல்தான் அலி முகாயத் ஷா 1520ஆம் ஆண்டையடுத்து அயற்றுறைகளாகிய பீடியையும் பாசையையும் வென்று மிளகு விளையும் கரைகளை ஒன்றாக்கினார். குஜராத்தியர் துணி கொண்டுவந்தனர். அச்சேயர் மிளகு கொடுத்தனர். இருவரும் சேர்ந்து புதிய வழியொன்றைக் கண்டனர். போர்த்துக்கேயர் காவல்புரிந்த மலையாளக் கரையை நெருங்காமல், இலங்கைக்குத் தெற்கே திரும்பி, மாலைதீவுகளின் இடைக்கால்களினூடே புகுந்து, நேரே செங்கடலின் வாயிலை அடைவதே அவ்வழி. பவளப்பாறைகள் நிறைந்த அவ்விடைக்கால்களிற் கனத்த போர்க்கப்பல்கள் அஞ்சி ஊர்ந்தன. கோவாவிலிருந்து காவற்படைகள் பலமுறை மாலைதீவை நோக்கி அனுப்பப்பட்டன, சில கப்பல்களைப் பிடித்தன, பல தப்பின.

இந்தத் தொடர்பை உண்டாக்கியது எந்த உடன்படிக்கையுமன்று. அச்சேயின் மிளகுக்குக் குஜராத்தின் துணி வேண்டும். துணிக்கு மிளகு வேண்டும். இரண்டிற்கும் ஜித்தாவின் சந்தை வேண்டும். ஒருவன் விலகினால் அவனுக்கே நட்டம். டையூவின் முன் நின்ற கூட்டணியில் இல்லாத பிணைப்பு இதுவே. மாலிக் அயாசுக்குப் போர்த்துக்கேயர் தரக்கூடிய விலையொன்று இருந்தது. அச்சேத் துறைமுகத்து வணிகனுக்கு அவர்கள் தரக்கூடிய விலை எதுவுமில்லை.

வாணிகம் வளர்ந்தபின் அச்சே போர்த்துணையையும் நாடியது. 1560ஆம் ஆண்டுகளில் சுல்தான் அலாவுதீன் ரியாயத் ஷா துருக்கித் தலைநகருக்குத் தூதரை அனுப்பினார். அத்தூதரைப் பற்றி அச்சே மக்களிடையே இன்றும் ஒரு கதை வழங்குகின்றது. காணிக்கையாகக் கப்பல் நிறைய மிளகு கொண்டு சென்றோர், சுல்தானின் பேட்டிக்காகப் பலநாள் காத்துக்கிடந்து, உணவுக்காக அம்மிளகைச் சிறிது சிறிதாக விற்று, இறுதியில் ஒரு படி மிளகையே அரசவையில் வைக்க நேர்ந்ததாம். அதனை மகிழ்ந்து ஏற்ற சுல்தான் பெரிய பீரங்கியொன்றை அளித்தாராம். ‘ஒரு படி மிளகு’ என்னும் பொருள்படும் பெயரே அப்பீரங்கிக்கு வழங்கலாயிற்று. கதை எவ்வாறாயினும் 1566இல் அச்சேயிலிருந்து எழுதப்பட்ட மடல் உண்மையானது. இலங்கையும் கள்ளிக்கோட்டையும் அம்மடலிற் குறிப்பிடப்படுகின்றன. மறு ஆண்டு துருக்கியச் சுல்தான் இரண்டாம் சலீம் 15 போர்க்கப்பல்களை அச்சேக்கு அனுப்பக் கட்டளையிட்டார். அவை வரவில்லை, யெமன் நாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடக்க வழியிலேயே திருப்பப்பட்டன. பீரங்கி வல்லுநர் சிலரே அச்சேயை அடைந்தனர்.

கூட்டுப்போரில் இன்னுமொரு முயற்சியும் நடந்தது. 1570இல் பிஜப்பூர்ச் சுல்தான் கோவாவையும், அகமதுநகர்ச் சுல்தான் சௌலையும், சாமூதிரி சாலியத்துக் கோட்டையையும் ஒருங்கே தாக்கினர். பிஜப்பூர்ப் படை பல மாதங்கள் கோவாவைச் சூழ்ந்து நின்றது. ஆயின் அப்படைக்கு வேண்டிய அரபுக் குதிரைகள் வந்திறங்கும் துறையும் கோவாவே. சாமூதிரி மட்டும் 1571இற் சாலியத்தை வென்று அதைத் தரைமட்டமாக்கினார். மற்றிரு சுல்தான்களும் உடன்படிக்கை செய்து விலகினர். அச்சாமூதிரி வமிசமே 1600இல் போர்த்துக்கேயரோடு சேர்ந்து, மூன்று தலைமுறையாகத் தன் கடலைக் காத்த குஞ்ஞாலி மரைக்காயர் குலத்தின் இறுதித் தலைவனை முற்றுகையிட்டுப் பிடித்துக் கொடுத்தது. வளர்ந்துவிட்ட படைத்தலைவனிடம் கொண்ட அச்சம் பழம்பகையையும் மறக்கச்செய்தது. அவனைக் கோவாவிற் கொன்றனர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1602ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் முதற் கப்பல்கள் ஜேம்ஸ் லங்காஸ்டர் என்பவனின் தலைமையில் அச்சேத் துறையை அடைந்தன. எலிசபெத்து இராணியின் கடிதம் அவன் கையிலிருந்தது. போர்த்துக்கேயருக்குப் பகைவன் என்ற காரணத்தால் அவனை யானைமீதேற்றி வரவேற்று, தீர்வையின்றி வாணிகம் செய்யவும் அச்சேச் சுல்தான் இசைந்தார். குஜராத்து, வங்காளம், கள்ளிக்கோட்டை, பெகு, பட்டாணி முதலிய நாடுகளின் பதினாறு பதினெட்டுக் கப்பல்கள் அத்துறையில் அன்று நின்றனவென்று ஆங்கிலேயரின் பயணக் குறிப்பு கூறுகின்றது. மிளகு விலையோ அவன் எதிர்பார்த்ததினும் ஏறியிருந்தது. அவன் கப்பல்களை நிறைப்பதற்குப் போதிய சரக்கும் அங்குக் கிட்டவில்லை. லங்காஸ்டர் மலாக்கா நீரிணைக்குச் சென்று, துணி நிறைந்த போர்த்துக்கேயக் கப்பலொன்றைக் கொள்ளையிட்டு, அத்துணியைக் கொடுத்து மிளகு வாங்கச் சாவகத்தின் பாந்தம் துறைக்குப் பாய்விரித்தான்.